வேலியோர வெள்ளை: கேள்வி-பதில்

குளிர்நாடுகளில் குடியிருக்கும் வாசகர்கள் பலர், உயரமாக வளர்ந்து வெள்ளையாகப் பூக்கும் பல்லாண்டுச் செடிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை முழுப் பக்கமும் அவற்றுக்கே.

காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்குத்தான் வீடு. சனி, ஞாயிறு தவிர மற்ற நாளில் தோட்டத்தை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதே அரிது. எந்த நிறப் பூ நடலாம்?
(குராய்டன் வாசகர்)

வெள்ளை. யோசிக்கவே வேண்டாம். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் முதலில் கைவிடுவது சிவப்பை. பகலில் நீலப் பூவைவிடப் பளிச்சென்று இருந்த சிவப்புப் பூ, அந்தியில் நீலத்துக்கு முன்பே கறுத்துப்போகும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னார். வெள்ளை, தன்மேல் விழும் கொஞ்ச வெளிச்சத்திலும் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. அதனால் கடைசிவரை கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

உயரமான செடியாகப் பாருங்கள். இருட்டு தரையிலிருந்து ஏறுகிறது. முழங்கால் உயரப் பூ நிழலுக்குள் போய்விட்ட பிறகும் நெஞ்சுயரப் பூவின் மேல் வானத்து வெளிச்சம் மிச்சமிருக்கும். பின்னால் யூ, ஹாலி, ஐவி படர்ந்த பலகை என்று கரும்பச்சையாக ஏதாவது இருந்தால் பூ இன்னும் துலங்கும்.

வெள்ளை என்று முடிவாகிவிட்டது. எந்த மாதத்து வெள்ளை?
(ரெடிங் வாசகி)

இப்படிக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியதோ இதுதான். லண்டன் பக்கம் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதேகால் தாண்டுகிறது. ஏழு மணிக்கு வீடு வருபவருக்கு அது பட்டப்பகல். அந்த நேரத்தில் வெள்ளைப் பூ வெயிலில் கண் கூசும், அவ்வளவுதான். செப்டம்பர் 22 வாக்கில் சூரியன் சரியாக ஏழு மணிக்கு மறைகிறது. நீங்கள் சாவியைத் திருப்பும் நேரமும் அந்தியும் ஒன்றாக வந்து சேர்வது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் பணத்தையும் இடத்தையும் பின்பருவ வெள்ளைகளில் போட வேண்டும்.

அப்படிப்பட்ட செடிகள் மூன்று. முதலாவது ஜப்பானிய அனிமோனி, அதில் ‘ஹானரின் ஜோபர்ட்’ என்ற வகை. இரண்டாவது ஆக்டியா சிம்ப்ளெக்ஸ். பழைய நூல்களில் சிமிசிஃபூகா என்று தேட வேண்டும். ஈரமான அரைநிழலில் ஆளுயரத்துக்குப் பூந்தண்டு நீட்டும். மூன்றாவது, கடைகளில் அதிகம் கேட்கப்படாத லூகாந்தமெல்லா செரோட்டினா. தென்கிழக்கு ஐரோப்பாவின் ஈர நிலத்துச் செடி இது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வளர்ந்து, செப்டம்பர், அக்டோபரில் டெய்சி வடிவத்தில் தூய வெள்ளையாகப் பூக்கும்.

இந்த மூன்றாவது செடி விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் பூக்கள் எல்லாம் சூரியனைப் பார்த்தே நிற்கும். அதாவது தெற்கைப் பார்த்து. வீடு தெற்கிலும் பாத்தி வடக்கிலும் இருந்தால் அவை உங்கள் சமையலறை ஜன்னலைப் பார்க்கும். மாறி இருந்தால் பூவின் முகம் அடுத்த வீட்டாருக்கு, முதுகு உங்களுக்கு. திசை பார்த்து நடுங்கள்.

வெள்ளைத் தோட்டம் என்றாலே எல்லாரும் சிசிங்ஹர்ஸ்ட் என்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அங்கே?
(மெய்ட்ஸ்டோன் வாசகர்)

கென்ட்டிலேயே இருந்துகொண்டு இன்னும் போகவில்லையா? ஜூன் கடைசி வாரத்தில் போய்வாருங்கள்.

எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹரோல்டு நிக்கல்சனும் 1930-இல் பாழடைந்து கிடந்த அந்த இடத்தை வாங்கினார்கள். 1949-50 குளிர்காலத்தில், பழைய ரோஜாத் தோட்டம் இருந்த பகுதியை வெள்ளைக்கென்று மாற்றினார்கள். நடுவில் இரும்புப் பந்தல்மேல் ரோசா முல்லிகானி என்ற ஏறுரோஜா. அதைச் சுற்றி நேர்கோடாக வெட்டிய பாக்ஸ் வேலிகள். அவற்றுக்குள் கட்டுக்கடங்காத வெள்ளை. இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருக்கிறது.

அந்த வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் தோட்டம் விளங்கும். சிசிங்ஹர்ஸ்ட் ஒரே கட்டடம் அல்ல. அவர்கள் காலத்தில் படுக்கை அறைகள் சவுத் காட்டேஜில், வீட்டா எழுதியது கோபுரத்தில், சமையலும் சாப்பாடும் ப்ரீஸ்ட்ஸ் ஹவுஸில். ப்ரீஸ்ட்ஸ் ஹவுஸை ஒட்டித்தான் வெள்ளைத் தோட்டம். இரவு உணவுக்குப் போகும்போதும் முடித்துத் திரும்பும்போதும் குடும்பமே அதன் பக்கமாக நடந்தாக வேண்டியிருந்தது. தாங்கள் நடக்கும் நேரம் எது என்று பார்த்து, அந்த நேரத்துக்குரிய நிறத்தை நட்டிருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு நடப்பவர்களுக்கு ஜூன், ஜூலைப் பூ பொருந்தும். ஏழு மணிக்கு வருகிற உங்களுக்கு செப்டம்பர். அங்கிருந்து நாம் எடுத்துவர வேண்டியது இந்தக் கணக்கைத்தான். செடிப் பட்டியலை அல்ல.

இன்னொன்று. வீட்டா அதைத் தம் பத்திரிகைப் பத்தியில் சாம்பலும் பச்சையும் வெள்ளையும் சேர்ந்த தோட்டம் என்றே சொன்னார். மூன்று நிறங்களில் வெள்ளைக்குக் கடைசி இடம். ஆர்ட்டிமீசியா, ஸ்டாக்கிஸ், சான்டொலினா என்று வெள்ளிச் சாம்பல் இலைகள் அங்கே பூவுக்குச் சமமாக இருக்கின்றன. பூ மூன்று வாரம், இலை ஆறு மாதம்.

வெள்ளையா நட்டா வீடு களையிழந்து போகும், நல்லாயிருக்காது எண்டு மாமி சொல்லுறா. என்ன மறுமொழி சொல்லுறது?
(ஹாரோ வாசகி)

மாமி இளம்வயதில் தலையில் வைத்த மல்லிகை என்ன நிறம் என்று கேளுங்கள். கலைவாணியை எந்தத் தாமரையில் அமர்த்துகிறோம் என்றும் கேளுங்கள். அன்பாகக் கேளுங்கள். துக்கத்தோடு அந்த நிறத்தைச் சேர்த்துப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அவருடைய மனச்சங்கடம் உண்மையானது. ஆனாலும், நம் இலக்கண நூலார் முல்லைத் திணைக்கு ஒதுக்கிய சிறுபொழுது மாலை. வெள்ளைப் பூவும் அந்தியும் வீடு திரும்புகிறவரும் ஒன்றுசேர்வது நமக்குப் புதிதல்ல.

அதோடு, எல்லாமே வெள்ளையாக இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கெர்ட்ரூட் ஜீக்கில் 1908-இல் வெளியிட்ட தோட்ட வண்ணங்கள் பற்றிய நூலில் இதை அழகாக வாதிடுகிறார்: ஒரு தோட்டத்துக்கு நீலத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டோம் என்பதற்காக, அது ஏங்கும் வெள்ளையையோ வெளிர்மஞ்சளையோ அதற்குத் தராமல் இருப்பது அநியாயம். வெள்ளைக்கும் இதே நியாயம்தான். மாமிக்குப் பிடித்த ஒரு வெளிர்மஞ்சள் செடியை அவர் கையாலேயே நடச் சொல்லுங்கள். பாத்தி மேலும் நன்றாக இருக்கும்.

வெள்ளை வெள்ளையாகப் பார்த்துத்தான் வாங்கினேன். நட்ட பிறகு சில பூக்கள் அழுக்காகத் தெரிகின்றன. ஏன்?
(லெஸ்டர் வாசகர்)

பக்கத்துப் பூவைப் பாருங்கள். அரங்கஸ் டயோய்கஸ், ஆர்ட்டிமீசியா லாக்டிஃப்ளோரா இரண்டும் பாலாடை நிறம். ‘டேவிட்’ ஃப்ளாக்ஸும் ஷாஸ்டா டெய்சியும் சலவை வெள்ளை. இரண்டையும் ஒட்டி நட்டால் பாலாடை நிறம் பழுப்பாகத் தெரியும். அரங்கஸை ஈர நிழலுக்கு அனுப்புங்கள். அதற்கும் அதுதான் பிடிக்கும்.

இரண்டாவது காரணம் மழை. வெள்ளை இதழில் வெள்ளை நிறமி என்று ஒன்று கிடையாது. இதழின் திசுக்களுக்கிடையே உள்ள காற்றறைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஓர் இதழை விரலால் நன்றாக நசுக்கிப் பாருங்கள்: காற்று வெளியேறி, கண்ணாடித் தாளாகிவிடும். மழையடியில் நடப்பதும் இதுதான், பிறகு பழுப்பேறும். சிவப்பிலும் ஊதாவிலும் அது மறைந்துபோகும், வெள்ளையில் மறைய இடமில்லை. கிராம்பே, வெரோனிகாஸ்ட்ரம் போன்ற சிறுபூக்காரர்களிடம் இந்தத் தொல்லை குறைவு. டெய்சி வகைகளில் வாடிய பூக்களை வாரம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள்.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம்.
(ஸ்லவ் வாசகி)

அனிமோனி ‘ஹானரின் ஜோபர்ட்’. பிரான்சின் வெர்டன் நகரத் தோட்டம் ஒன்றில், 1858-இல், இளஞ்சிவப்பு அனிமோனி ஒன்று திடீரென வெள்ளையாகப் பூத்தது. அதிலிருந்து வந்த வம்சம் இன்றும் உலகமெங்கும் விற்கிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, நாலடி உயரத்தில், முட்டுக்கொடுக்காமலே நிற்கும். முதல் இரண்டு வருடம் சும்மா இருக்கும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் பிடித்த பிறகு பக்கவாட்டில் பரவத் தொடங்கும், அப்போது மண்வெட்டியால் ஓரம் வெட்டிக் கட்டுப்படுத்துங்கள்.

கிராம்பே கார்டிஃபோலியா வாங்கினேன். மேகம் இறங்கியதுபோல் பூக்கும் என்றார்கள். இலையெல்லாம் ஓட்டை. பூச்சி மருந்து அடிக்கலாமா?
(லூட்டன் வாசகர்)

வேண்டாம். கிராம்பே முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடி. முட்டைக்கோஸைத் தேடிவரும் வெள்ளைப் பட்டாம்பூச்சி அதன் இலையிலும் முட்டையிடும், புழு தின்னும். அது பூக்கும் ஜூன், ஜூலையில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மருந்தடித்தால் சாவது தேனீ. புழுவைக் கையால் எடுங்கள். இரண்டு மீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் பூப்பது அந்தக் கிழிந்த இலைகளின் உழைப்பில்தான்.

பூ முடிந்ததும் இலையும் சரிந்து, ஆகஸ்டில் ஒரு பெரிய வெற்றிடம் வரும். முன்னால் ஒரு அனிமோனி இருந்தால் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆணிவேர்ச் செடி என்பதால் கிராம்பேயை இடம் மாற்றக் கூடாது. நடும்போதே வெயிலும் வடிகாலும் உள்ள நிரந்தர இடம் கொடுங்கள்.

டெல்ஃபினியம் ஒவ்வொரு ஏப்ரலிலும் முளைக்கிறது, ஒவ்வொரு ஏப்ரலிலும் காணாமல் போகிறது.
(மில்டன் கீன்ஸ் வாசகி)

ஓடில்லா நத்தை. முளை மண்ணுக்கு மேல் வருவதற்கு முன்பே, மார்ச்சிலேயே வேலையைத் தொடங்குங்கள். பழைய நீல மாத்திரைகளில் இருந்த மெட்டால்டிஹைடைத் தோட்டத்தில் பயன்படுத்துவது பிரிட்டனில் 2022 வசந்தத்திலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது. முள்ளெலிகளையும் பறவைகளையும் கொன்றது அது. கொட்டகையில் டப்பா மிச்சமிருந்தால் கவுன்சிலின் அபாயக் கழிவுப் பிரிவில் சேர்த்துவிடுங்கள். ஃபெரிக் பாஸ்பேட் மாத்திரை இப்போது கிடைக்கிறது. அதைவிட நல்லது நெமட்டோடு: கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள். மண்ணின் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் வந்ததும் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குவது இன்றும் சிறந்த வழி.

முளை ஒரு சாண் தாண்டிவிட்டால் பாதி வெற்றி. ‘கலாஹாட்’ போன்ற வெள்ளை வகைகள் ஐந்தடிக்கு மேல் போகும், ஒவ்வொரு தண்டுக்கும் தனி மூங்கில் ஊன்றுங்கள். முதல் பூ முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டி, உரமும் தண்ணீரும் கொடுத்தால் செப்டம்பரில் சிறியதாக மறுபடி ஒரு சுற்று பூக்கும். அதுதான் உங்கள் அந்திப் பூ.

வெள்ளை ஃபாக்ஸ்குளோவ் நட்டேன். இரண்டு வருடத்தில் எல்லாம் ஊதாவாகிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(கிங்ஸ்டன் வாசகர்)

இல்லை. ஃபாக்ஸ்குளோவ் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு இலை, இரண்டாம் ஆண்டு பூவும் விதையும், பிறகு மடிந்துவிடும். நீங்கள் வாங்கியது போய்விட்டது, இப்போது நிற்பவை அதன் பிள்ளைகள். அக்கம்பக்கத்து ஊதாச் செடியிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்திருக்கும். ஊதா ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு. நாற்றுகளின் இலைக்காம்பையும் நடுநரம்பையும் பாருங்கள். ஊதாச் சாயல் தெரிந்தால் பூவும் ஊதாவாகும். சுத்தப் பச்சையாக இருப்பவற்றை மட்டும் வையுங்கள். பூக்கும் முன்பே இப்படிக் களைந்துவந்தால் சில தலைமுறைகளில் பாத்தி வெளுத்துவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவையெல்லாம் வைக்கலாமா? பூஜைக்குப் பறிக்கலாமா?
(வாட்ஃபோர்டு வாசகி)

ஃபாக்ஸ்குளோவும் டெல்ஃபினியமும் முழுச்செடியும் விஷம். ஃபாக்ஸ்குளோவின் நஞ்சு நேராக இதயத்தைத் தாக்கும். ஆக்டியாவும் தின்னத் தகாதது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருந்தால் இவற்றை நடவே வேண்டாம், சில வருடம் காத்திருங்கள். பூஜைத் தட்டில் வைக்கும் பூவைக் குழந்தை தொடும், தீர்த்தத்தில் போடுபவர்களும் உண்டு. அதற்கு ஃப்ளாக்ஸ் பறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் வாசனையும் இருக்கும்.

எங்கள் பின்வேலியை ஒட்டிய ஓடையோரத்தில் பத்தடிக்கு மேல் ஒரு செடி. வெள்ளைப் பூ, குடை விரித்த மாதிரி. தானாக வந்த அதிர்ஷ்டமா?
(மான்செஸ்டர் வாசகர்)

கிட்டே போகாதீர்கள். தடித்த தண்டில் ஊதாத் திட்டும் முரட்டு மயிரும் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். இருந்தால் அது ஜயன்ட் ஹாக்வீட். 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காக காக்கேசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, தோட்டங்களைத் தாண்டி ஆற்றங்கரைகளில் பரவிவிட்டது. கிராம்பேயும் அதே ஊர்தான், அது சாது.

ஹாக்வீடின் சாறு தோலில் பட்டு, பிறகு அந்த இடத்தில் வெயில் பட்டால் தீக்காயம் போன்ற கொப்புளம் எழும். தழும்பு பல மாதம் நிற்கும், சிலருக்கு அந்த இடம் வருடக்கணக்கில் வெயில் தாங்காது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை இரண்டு நாளாவது வெயில் படாமல் மூடி வையுங்கள். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள். வெற்றுத் தண்டை எடுத்துக் குழந்தைகள் ஊதுகுழலாக்கி விளையாடி வாய் வெந்துபோனதுண்டு. நீங்களே வெட்ட முயலாமல் கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள். இதை வெளியிடங்களில் பரவவிடுவது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம்.

காற்றடித்தால் எல்லாம் சாய்ந்துவிடுகிறது.
(பிரைட்டன் வாசகர்)

சாய்ந்த பிறகு கட்டினால் விறகுக்கட்டு மாதிரி ஆகிவிடும். ஏப்ரல் கடைசியிலேயே, செடி ஒரு முழம் இருக்கும்போதே, கிளைத்த சுள்ளிகளைச் சுற்றி ஊன்றுங்கள். செடி அவற்றுக்குள் ஏறி மறைத்துக்கொள்ளும். உரத்தையும் குறையுங்கள்: தழைச்சத்து அதிகமானால் தண்டு நீளும், உறுதிப்படாது. ஃப்ளாக்ஸை மே கடைசியில், செல்சி மலர்க்காட்சி நடக்கும் வாரத்தில், மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் குட்டையாகக் கிளைத்து, சில வாரம் தாமதமாகப் பூக்கும். செப்டம்பரை நோக்கித் தள்ளுவதற்கும் இது வழி.

எந்தத் தொல்லையும் வேண்டாம் என்றால் வெரோனிகாஸ்ட்ரம் வர்ஜினிகம் ‘ஆல்பம்’. ஆளுயரம், காற்றுக்குக் குனிந்து நிமிரும். கயிறே வேண்டாம்.

ஸ்கார்பரோவில் மைனஸ் இருபதெல்லாம் சர்வ சாதாரணம். நீங்கள் சொல்வதெல்லாம் இங்கே பிழைக்குமா?
(டொரொன்டோ வாசகி)

நான் மேலே புகழ்ந்த வெரோனிகாஸ்ட்ரம் உங்கள் ஊர்க்காரர்! தெற்கு ஒன்டாரியோவின் புல்வெளிகளில் தானாக வளர்வது. ‘டேவிட்’ ஃப்ளாக்ஸ் பென்சில்வேனியாவில் கண்டெடுத்தது. ஃப்ளாக்ஸைப் பிடிக்கும் வெண்பூசணத்தை நன்றாகத் தாங்கும் என்பதால் 2002-இல் வட அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது. இரண்டுக்கும் உங்கள் குளிர் பழகியது. பனி மூடிக் கிடப்பது செடிக்குப் போர்வை, அதைக் கண்டு பயப்படாதீர்கள். மார்ச்சில் உருகி, உறைந்து, மீண்டும் உருகும்போதுதான் வேர் மண்ணைவிட்டு மேலே தள்ளப்படும். நவம்பரில் நிலம் உறைந்த பிறகு உதிர்ந்த இலையை நாலு விரற்கடை போர்த்திவிடுங்கள்.

சென்னையில் டெல்ஃபினியம்?
(அம்பத்தூர் வாசகர்)

வராது. அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், சென்னை அதைத் தூங்கவிடாது. உங்களுக்கு நிலச்சம்பங்கி இருக்கிறது: மூன்றடித் தண்டு, வெள்ளைப் பூ, இருட்டிய பிறகு ஏறும் வாசனை, வருடா வருடம் கிழங்கிலிருந்து மறுபடி முளைப்பு. வெயிலும் வடிகாலும் கொடுத்து, பத்துப் பதினைந்து கிழங்குகளைச் சுவரோரம் நெருக்கி நடுங்கள். நீலகிரியில் உறவினர் இருந்தால் அங்கே ஷாஸ்டா டெய்சியும் காலா லில்லியும் நன்றாக வரும்.

ஃப்ளாக்ஸின் நுனி இலைகள் நூலாகத் திரிந்துபோகின்றன.
(கவென்ட்ரி வாசகி)

தண்டுக்குள் நுண்புழு, நத்தைக்கு ஊற்றுவது அல்ல, வேறு வகை. செடியை எடுத்து எரித்துவிடுங்கள், அதே இடத்தில் ஃப்ளாக்ஸ் நட வேண்டாம். மனம் வரவில்லையென்றால் ஒரு வழி: புழு தண்டிலும் இலையிலும்தான் இருக்கும், வேரில் இராது. குளிர்காலத்தில் வேரை விரல் நீளத் துண்டுகளாக வெட்டிப் புதுமண்ணில் பதியுங்கள். சுத்தமான செடி கிடைக்கும்.

எப்போது வாங்குவது, எப்படி நடுவது? லண்டன் களிமண்.
(இல்ஃபோர்டு வாசகர்)

செப்டம்பர் கடைசி, அக்டோபர். மண்ணில் வெப்பம் மிச்சமிருக்கும், மழையும் தொடங்கியிருக்கும், குளிருக்கு முன் வேர் ஓடும். அனிமோனி மட்டும் வசந்தத்தில். ஒன்பது சென்டிமீட்டர் தொட்டிச் செடியாக ஒரே வகையில் மூன்று வாங்குங்கள். ஒரு பெரிய தொட்டியின் விலைதான் ஆகும், இரண்டு வருடத்தில் அதைத் தாண்டிவிடும். களிமண்ணை ஈரமாக இருக்கும்போது மிதிக்காதீர்கள். மக்கிய உரத்தைக் குழிக்குள் கொட்டாமல் பாத்தி முழுவதும் பரப்பிக் கொத்திவிடுங்கள். குழிக்குள் மட்டும் இட்டால் சுற்றியுள்ள களிமண்ணின் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கி வேர் அழுகும். மூன்றையும் முக்கோணமாக, இரண்டடி இடைவெளியில் வையுங்கள்.